பெருவிரல் கட்டு

குத்துவிளக்குக்கு எண்ணெய் விட வந்த சுலோஜனா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். இறந்து கிடந்த புருஷனின் கைப்பெருவிரலில் அவருடைய தம்பி சதீசன் நீல மை தடவிக்கொண்டிருந்தான். காலையில் இரண்டு பெருவிரல்களையும் சேர்த்துக் கட்டிய வெள்ளைத் துணி பாயில் அவிழ்ந்து கிடந்தது. பறை வந்த சத்தத்துக்குப் பெண்களெல்லாம் முற்றத்துக்குப் போயிருந்தார்கள். நல்ல நேரம் பார்த்திருந்தான் பயல்.

அவன் மடியில் அண்ணனுடைய மோட்டார் சைக்கிளின் பேர் மாற்றும் படிவம் இருந்தது. அதை வாங்குவதாக ஓட்டமாவடி மர்சூக் போன கிழமையே பேசியிருந்தார். இன்று செத்தவீட்டுக்கு வந்தவரைச் சதீசன் வீட்டின் பின்பக்கம் கூட்டிப்போய் வண்டியைக் காட்டியிருக்கிறான். மர்சூக் எதையும் சோதிக்காமல் வாங்குகிறவர் அல்ல. இஞ்சின் நம்பரும் செஸி நம்பரும் வண்டிப் புத்தகத்தோடு சரியாக இருந்தன. விற்கிறவரின் ஒப்பம் மட்டும்தான் பாக்கி.

"வருத்தமா படுத்திருக்கக்குள்ள கை நடுங்கினதால விரல் வச்சாரெண்டு சொல்லுவம் மச்சாள்," என்றான் சதீசன். "இல்லாட்டி பேர் மாத்த நீங்க வருசக்கணக்கா அலையணும்."

அவளுடைய நன்மைக்குத்தான் செய்தான். அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது.

அந்த வண்டி பனிச்சங்கேணியில் சுனாமி கொண்டுபோன ஒருவருடையது. அவர் மனைவி சீதேவிப்பிள்ளை அதை விற்க நின்றபோது, செத்தவரின் ஒப்பத்தை நீயே போடு, யார் கண்டது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். வாங்கப் போன சுலோஜனாவின் புருஷன் நல்லரத்தினம் ஒருவர்தான் மாட்டேன் என்றார். முதலில் அவள் பேருக்கு மாற்ற வேண்டும் என்று அவளோடு அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினார். சண்டைக்காலத்தில் ஒவ்வொரு ஆமிச் சென்றிப் பொயின்ரிலும் சோதனைக்கு இறங்கி நடந்தார். சொந்தமாகாத வண்டிக்கு இரண்டு வருடம் அலைந்த விசரன் என்று ஊர் சிரித்தது. சுலோஜனாவும் வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கிறாள்.

"விரலை விடுங்க தம்பி."

"மச்சாள்..."

"உசிரோட இருக்கக்குள்ள செத்தவர்ட ஒப்பத்துக்கு வண்டி வாங்க மாட்டனெண்ட மனிசன். அவரைச் செத்தப்பிறகு ஒப்பம் வைக்கப் பண்ணுவீங்களோ?"

படிவத்தைப் பறித்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். பறை நின்றது. பிணம் எடுக்குமுன் பெண்டாட்டிக்கு வியாபாரம் கேட்குதோ என்று யாரோ முணுமுணுத்தார்கள். கேட்கட்டும் என்று நேரே மர்சூக்கிடம் போனாள்.

"மர்சூக் நானா, இதில ஒப்பம் இல்ல, இனி வரவும் மாட்டாது. வண்டி அவர்ட பேரில இருந்து என்ட பேருக்கு மாறட்டும். அப்பவும் வேணுமெண்டா வாங்க, தாறன்."

அவர் முந்தியே ஒப்பம் வைத்துவிட்டதாகத் தம்பி சொன்னார் என்றார் மர்சூக். முகம் கறுத்துப்போயிருந்தது. கையிலிருந்த சாவியை அவளிடம் நீட்டினார். "நான் காத்து நிக்கிறன் தங்கச்சி. அவசரமில்ல, ஆறுதலா மாத்துங்க."

உள்ளே வந்து சேலைத் தலைப்பில் எண்ணெய் தொட்டு விரலைத் துடைத்தாள். ரேகைக்குள் ஏறிய நீலம் போகவில்லை. இரண்டு பெருவிரல்களையும் சேர்த்துத் துணியைச் சுற்றினாள். சதீசன் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு முடிச்சுப் போதும் என்பார்கள். அவள் இரண்டு போட்டாள். குனிந்தபோது இடுப்பில் செருகிய சாவி குத்தியது. எடுக்கவில்லை.