அட்டை எடுக்காமல் எழுந்தவர்கள்

அந்தச் சட்டைக் கம்பெனியின் மூன்றாவது லைனில் நாற்பது பெண்கள். கழிவறைக்குப் போக அவர்களுக்கு ஒரே ஒரு மர அட்டை. சூப்பர்வைசர் மேசைக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். அட்டை இருந்தால் போகலாம்; வேறு யாராவது எடுத்துப் போயிருந்தால் அடக்கிக்கொண்டு தைக்க வேண்டியதுதான். அதற்குப் பயந்தே பாதிப் பேர் தண்ணீர் குடிப்பதில்லை.

பாக்கெட் தைப்பதால் 'பாக்கெட்காரி' என்று பேர் வாங்கியவளும் அதில் ஒருத்தி. நீர்க்கடுப்பு வந்து இரண்டு முறை டாக்டரிடம் திட்டு வாங்கியும் யாரிடமும் மூச்சு விடவில்லை.

நாலு மிஷின் தள்ளி காலர் தைத்தவள் அவளுடைய அண்ணன் பெண்டாட்டி. ஒரு திங்கட்கிழமை அண்ணி எழுந்தாள். ஆணிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டு வந்தாள்.

"அட்டை எங்கே?" சூப்பர்வைசர் கத்தினான்.

"அட்டைக்கா சார் வருது? எனக்குத்தானே வருது!"

லைனே சிரித்தது. அவன் ஒரு முறை முறைத்ததும் அதே சிரிப்பு அண்ணி மேல் திரும்பியது. "மகாராணி போயிட்டு வந்தாச்சா?" என்றாள் ஒருத்தி. பாக்கெட்காரியும் சேர்ந்து சிரித்தாள். சும்மா இருந்தால் தன்னையும் அண்ணியோடு சேர்த்துவிடுவார்களே என்று பயம்.

சாயங்காலம் வீட்டில் கேட்டாள். "ஏன் அண்ணி இந்த வம்பு? நாலு பேர் மாதிரி இருந்துட்டுப் போகக்கூடாதா?"

"அந்த நாலு பேரும் எப்படி இருக்காங்கன்னு பாத்தியா? நேத்து நீ பாத்ரூம்ல பல்லைக் கடிச்சுக்கிட்டு அழுதது சுவர் தாண்டிக் கேட்டுச்சு."



அண்ணி சண்டை போடவில்லை, யாரையும் கூப்பிடவுமில்லை. தினமும் எழுந்தாள், போனாள், வந்தாள். டார்கெட்டில் ஒரு காலர் குறையவில்லை. இரண்டு வாரம் போனதும் 'மகாராணி' என்ற கிண்டல் தானாக ஓய்ந்தது. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் பட்டன்கார அக்கா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "அவ செய்யறதுல என்ன தப்பு?" என்று முணுமுணுத்தாள். யாரும் மறுத்துப் பேசவில்லை. பாக்கெட்காரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை பேரும் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்களா, ஆளாளுக்குத் தனியாக?

மறுநாளே மேனேஜர் வந்து அண்ணியைக் காலர் மிஷினிலிருந்து எழுப்பி, நாள் முழுக்க நின்றபடி நூல் வெட்டும் மேசைக்கு மாற்றினார். அவர் போனதும் சூப்பர்வைசர் நெஞ்சை நிமிர்த்திக் கேட்டான்: "வேற யாருக்காவது அவசரமா?"

"எனக்கு."

சொன்னது தான்தான் என்பதே பாக்கெட்காரிக்கு எழுந்து நின்ற பிறகுதான் உறைத்தது. அட்டை ஆணியில்தான் இருந்தது. கையை நீட்டினால் போதும், ஒரு வம்பும் வராது. அவள் நீட்டவில்லை.

உள்ளே போய்க் கதவைச் சாத்தினால், காலையிலிருந்து தண்ணீர் குடிக்காத உடம்பில் ஒன்றுமே வரவில்லை. குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கதவு தட்டப்பட்டது.

"சீக்கிரம் வாடி, நானும் அட்டை எடுக்காமத்தான் வந்திருக்கேன்." பட்டன்கார அக்கா! அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர்.

அந்த வாரம் நிர்வாகத்தார் எழுந்தவர்களின் பேரை எழுதினார்கள், வாசலில் நிறுத்தினார்கள், சீட்டைக் கிழிப்போம் என்று மிரட்டினார்கள். வார முடிவில் இரண்டாவது லைனும் எழுந்தது. எத்தனை பேரைத்தான் வாசலில் நிறுத்துவது? அட்டையையும் ஆணியையும் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள்: 'தொழிலாளர் நலன் கருதி நிர்வாகம் மனமுவந்து இந்த முறையை நீக்குகிறது.'

பாக்கெட்காரி துணியில் கோடு போடும் சாக்பீஸை எடுத்துக்கொண்டு போய் 'மனமுவந்து' என்ற சொல்லை அழுத்தி அடித்தாள்.

"ஏய், கேமரா இருக்கு!" என்றான் சூப்பர்வைசர்.

"தெரியும் சார். அதான் முகத்தைக் காட்டிக்கிட்டே அடிக்கிறேன்."

அப்படியே மேனேஜர் அறைக்கு நடந்தாள். பின்னால் ஒவ்வொரு மிஷினாக நிற்கும் சத்தம் கேட்டது.

"எங்க அண்ணி காலருக்கு எப்போ வருவாங்க சார்?"

"நாளைக்குப் பாக்கலாம்."

"சரி சார். நாளைக்கு வரைக்கும் இங்கேயே நிக்கிறோம்."

மேனேஜர் அவள் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். வராந்தா நிறைய ஆட்கள்.

மத்தியானம் அண்ணி பழைய இடத்தில் உட்கார்ந்து, தான் இல்லாத நாட்களில் எவளோ நூலை இறுக்கி மிஷினைக் கெடுத்துவிட்டாள் என்று வாய் ஓயாமல் திட்டிக்கொண்டிருந்தாள்.