பெர்னியின் மோதிர விரல்

முதல் தடவை அது நடந்தபோது பெர்னடெட் கில்மார்ட்டினுக்கு நாற்பத்து மூன்று வயது. ஜூலை மாதம், ஏரிக்கரைத் திருவிழா. கூடாரத்துக்குள் முந்நூறு பேர் பிளாஸ்டிக் கோப்பையில் பீரோடு உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் அவள் பிடில், அண்ணன் மாலகி அக்கார்டியன். இருபத்தைந்து வருஷமாக சிகாகோவில் ஐரிஷ்காரர்கள் கூடுகிற இடமெல்லாம் இந்த ஜோடிதான்.

மூன்றாவது ரீலின், அந்த வேக நடன மெட்டின், நடுவில் அவளுடைய இடது கை மோதிர விரல் தந்தியில் இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை. உள்ளங்கையைப் பார்த்து மடங்கிக்கொண்டது. வலியில்லை, மரப்பில்லை. யாரோ கூப்பிட்டுத் திரும்பிப் போனதுபோலப் போய்விட்டது. பெர்னி நடு விரலை இழுத்து எப்படியோ ஒப்பேற்றினாள். கூடாரத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. மாலகிக்குத் தெரிந்தது.

"நடுவுல எங்கடி போயிட்ட?" என்றான் இறங்கும்போது.

"விரல் வழுக்கிருச்சு."

"பொரிச்ச மீனைத் தின்னுட்டுக் கையைத் துடைக்காம ஏறினா வழுக்காம என்ன பண்ணும்?"

இரண்டு பேரும் சிரித்தார்கள்.

பெர்னியின் அப்பா அயர்லாந்தின் ஸ்லைகோவிலிருந்து வந்து சிகாகோவில் பஸ் ஓட்டியவர். வீட்டில் பிடில் இருந்தது, அவள் எடுத்தாள், அவ்வளவுதான் கதை. பதினோரு வயதில் பெரியவர்கள் கூடி வாசிக்கிற வட்டத்தில் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். பத்தொன்பதில் அயர்லாந்துக்கே போய்ப் போட்டியில் முதலாவதாக வந்தாள். "அமெரிக்காக்காரியா? யாங்கிப் பொண்ணுக்கு இந்த வில் எங்கேருந்து வந்துச்சு?" என்று அங்கே கிழவர்கள் முணுமுணுத்ததை மாலகி இன்றும் அந்த ஊர்க் குரலிலேயே செய்து காட்டுவான். இருபத்தாறில் ஒரு இசைத்தட்டு. அதை பாஸ்டனிலும் கால்வேயிலும் ஊசி தேயத் தேயப் போட்டுப் பாடம் பண்ணினார்கள். ஒரே சுரத்தைச் சுற்றி மூன்று விரல்களால் சட்டென்று உருட்டிவிட்டுப் போவாள். அந்த உருட்டைக் கேட்டால் பேர் சொல்ல வேண்டாம், பெர்னிதான். இருந்தாலும் ரீல் வாசித்து யாரும் வயிறு வளர்த்ததில்லை. வாரநாட்களில் பங்குப் பள்ளிக்கூட அலுவலகத்தில் தட்டச்சு, மாலையில் பயிற்சி, சனி ஞாயிறு மேடை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா டீலியாவோடு அதே பழைய செங்கல் வீட்டில் இருந்தாள்.

திருவிழா முடிந்த மறுவாரம், அந்தப் பழைய தட்டைப் போட்ட கம்பெனிக்காரர் போன் செய்தார். பதினேழு வருஷம் கழித்து இரண்டாவது பதிவு. அண்ணன் தங்கை இருவரும் சேர்ந்து. மாலகி பேர் பதிவின் அட்டையில் வருவது இதுதான் முதல் தடவை. அவன் ரொட்டி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். வண்டியை வழியிலேயே நிறுத்திவிட்டு வந்து அம்மாவைத் தூக்கிச் சமையலறையில் ஒரு சுற்றுச் சுற்றினான்.

"இறக்குடா, இடுப்பு போயிரும்" என்று கத்தினாள் டீலியா.

அக்டோபரில் பதிவு. பெர்னி இரண்டு மணி நேரப் பயிற்சியை மூன்றாக்கினாள். விரல் வாரத்துக்கு ஒரு முறை மடங்கியது. நான்கு மணி நேரமாக்கினாள். தினம் மடங்கியது. தந்தியை மாற்றினாள், நாற்காலியை மாற்றினாள், கண்ணாடி முன் நின்று வாசித்தாள். மற்ற மூன்று விரல்களும் சொன்னபடி கேட்க, இது மட்டும் நத்தை ஓட்டுக்குள் போவதுபோல உள்ளே போனது. உருட்டு என்று நினைத்தாலே போதும், வாசிக்கும் முன்பே மடங்கியது.

அம்மா அயர்லாந்து நாக் மாதா கோயில் தீர்த்தத்தைக் கொண்டுவந்து கையில் தெளித்தாள்.

"அம்மா, தந்தி துருப்பிடிச்சிரும்."

"மாதா துருப்பிடிக்க விடமாட்டா. பேசாம நீட்டு."

ஆகஸ்ட் நடுவில் மாலகிக்குப் பொறுமை போயிற்று. "எனக்கு ஒண்ணு சொல்லு. உனக்கு இந்தப் பதிவு பிடிக்கலையா? என் பேரும் கூட வர்றது பிடிக்கலையா?"

பெர்னி அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

"வேணும்னா மடக்குறேன்னு நினைக்கிறியாடா?"

"அதே கையால டைப் அடிக்கிற. சட்டைக்குப் பொத்தான் போடுற. நேத்து அம்மாவுக்கு ஸ்வெட்டர் பின்னிட்டு இருந்த. பிடிலைத் தொட்டா மட்டும் வராதுன்னா நான் என்னத்தைச் சொல்ல?"

அதையேதான் அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்று டாக்டர்கள் பார்த்தார்கள். எலும்பு சரி, நரம்பு சரி, தசை சரி. கடைசியாக நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் மூளை நரம்பு டாக்டர் வோய்சிக் என்ற அம்மாள் மட்டும், "பிடிலைக் கொண்டு வாங்க, பார்க்கணும்" என்றார். பரிசோதனை அறையில், காகிதம் விரித்த கட்டிலில் உட்கார்ந்து பெர்னி ஒரு ரீலை எடுத்தாள். எட்டாவது நொடியில் விரல் மடங்கியது. டாக்டர் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். பிறகு ஒரு பென்சிலைக் கொடுத்து அதையே பிடிலாக நினைத்து விரலை ஆட்டச் சொன்னார். எல்லா விரலும் அழகாக ஆடின.

"கையில ஒண்ணும் இல்லைங்க. மூளைல இந்த விரலுக்கும் பக்கத்து விரலுக்கும் தனித்தனியா இருந்த இடம் கலந்துபோச்சு. முப்பது வருஷம் ஒரே வேலையை நுணுக்கமா செஞ்சவங்களுக்கு வரும். எல்லாருக்கும் வராது. ஏன் உங்களுக்கு வந்துச்சுன்னு கேக்காதீங்க, எனக்குத் தெரியாது. தினம் எத்தனை மணி நேரம் வாசிக்கிறீங்க?"

"இப்ப ஆறு."

"நிறுத்துங்க."

"நிறுத்தினா சரியாயிருமா?"

"ஆகாது. இதைவிட மோசமாகாம இருக்கும்." சீட்டில் எதையோ எழுதிக்கொண்டே, "ஒரு ஊசி இருக்கு. போட்டா மடங்காது. ஆனா விரல்ல பலமும் இருக்காது" என்றார்.

பெர்னி பிடிலைப் பெட்டியில் வைத்து மூடினாள். கொக்கி மாட்டுவதற்கு அந்த விரல் தடையில்லாமல் உதவியது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது மாலகி சமையலறை மேசையில் டீ குடித்துக்கொண்டிருந்தான். கோப்பையைத் தள்ளி வைத்தான். அப்புறம் எழுந்து வந்து அவள் இடது கையைப் பிடித்து, அந்த விரலைத் தன் விரலால் மடக்கி மடக்கி நீட்டினான், கதவுக் கீலைச் சோதிப்பவன்போல.

"நான் அன்னைக்குச் சொன்னதை..."

"விடு."

"மூணு விரல்ல வாசிச்சா?"

அதையும் பார்த்தார்கள். இரண்டு வாரம் எல்லா மெட்டையும் மூன்று விரலுக்கு மாற்றினாள். மூன்றாவது வாரம் சுண்டு விரலும் மடங்கத் தொடங்கியது.

செப்டம்பர் கடைசி ஞாயிறு, பூசை முடிந்து வந்தபின் மாலகி கோட்டைக் கழற்றாமலேயே நின்றான். "கம்பெனிக்காரர் போன் பண்ணினார். ஸ்டுடியோவைத் தள்ளிப்போட முடியாதாம். மில்வாக்கியில ஒரு பொண்ணு இருக்காளாம். கிர்ஸ்டன் ஹோகேன்னு பேரு."

"அது என்ன பேரு?" என்றாள் அம்மா.

"நார்வேக்காரங்கம்மா. அவ வாசிக்கிறதெல்லாம் பெர்னி தட்டைக் கேட்டுக் கத்துக்கிட்டதாம்." பெர்னி பக்கம் திரும்பினான். "நீ வேணாம்னு சொன்னா இப்பவே போன் பண்ணி முடியாதுன்னுடுறேன். ஒரு வார்த்தை சொல்லு போதும்."

நிஜமாகவே செய்துவிடுவான் என்று அவளுக்குத் தெரிந்தது. அதனால்தான் சொல்ல முடியவில்லை. நாற்பத்தாறு வயது அவனுக்கு. விடிவதற்கு முன் எழுந்து கடை கடையாக ரொட்டி இறக்குகிறவன். இத்தனை காலம் நோட்டீஸ்களில் அவள் பேருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்தவன்.

"கூப்பிடு" என்றாள்.

அம்மா பாத்திரத்தை ஓங்கி வைத்தாள். "நார்வேக்காரி!"

பதிவு இரண்டு நாள். வர வேண்டியதில்லை என்று மாலகி சொன்னான். வராமல் இருப்பது அதைவிடக் கஷ்டமாக இருந்ததால் பெர்னி வந்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒலிப்பதிவுக்காரருக்குப் பின்னால் உட்கார்ந்தாள். கிர்ஸ்டனுக்கு முப்பது வயதிருக்கும், உயரமானவள், கூச்சக்காரி. கை கொடுக்கும்போது உள்ளங்கை வியர்த்திருந்தது. ஆனால் அவள் வில்லை வைத்ததும் பெர்னி நாற்காலியில் முன்னால் நகர்ந்தாள். பெர்னியுடைய உருட்டு. அவள் மூச்சு விடுகிற இடம். பதினேழு வருஷத்துக்கு முந்தைய தன் கையே கண்ணாடிக்கு அப்பால் இன்னொருத்தியின் தோளில் இருந்தது. குறை சொல்லலாம் என்றால், எங்காவது நன்றாக இல்லாமல் இருக்க வேண்டும். நன்றாகவே இருந்தது.

இடைவேளையில் கிர்ஸ்டன் தயங்கித் தயங்கி வந்தாள். "கில்மார்ட்டின் அம்மா, ரெண்டாவது பகுதி முடியுற இடத்துல நீங்க ஒண்ணு செய்வீங்களே. தட்டை மெதுவா ஓட்டிக்கூடப் பார்த்துட்டேன். பிடிபடவே இல்லை. எப்படி அது?"

பெர்னி யோசித்தாள். எப்படி? வார்த்தையில் அவளிடம் இருந்ததே இல்லை, கையிடம்தான் இருந்தது. "குடு, காட்டுறேன்" என்று பிடிலை வாங்கித் தோளில் வைத்தாள். வில் எழுந்தது. விரல் மடங்கியது. சுண்டு விரலும் கூடவே போயிற்று. கை ஒரு முஷ்டியாகப் பிடிலின் கழுத்தில் நின்றது.

கிர்ஸ்டன் சட்டென்று தன் காலணியைப் பார்த்தாள்.

"நீ வாசிக்கிறபடியே வாசி. அதுவே சரியா இருக்கு" என்று பிடிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, காபி வாங்கப் போவதாகச் சொல்லி வெளியே வந்தாள். ஒரு மணி நேரம் நடந்தாள். காபியை மறந்துவிட்டாள். யாரும் கேட்கவில்லை.

மார்ச் மாதம் பங்குக் கோயில் மண்டபத்தில் வெளியீடு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அட்டையில் மாலகியும் கிர்ஸ்டனும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே, "பெர்னடெட்டுக்கு" என்று ஒரு வரி. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து அவள் கேசட்டுகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஃபெஸ்டஸ் டார்ப்பி வந்தார். கொதிகலன் குழாய் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஒரு நடனத்தையும் விட்டதில்லை. கையில் காலைப் பூசை முடிந்ததுமே வாங்கிய கேசட்.

"வண்டியில மூணு வாட்டி கேட்டுட்டேன் பெர்னி. உன் வில் இன்னும் அப்படியே இருக்கும்மா."

"அது நான் இல்லை ஃபெஸ்டஸ். அந்தா நிக்கிறாளே, உயரமா, அவ."

அவர் சிரித்தார். "யாருகிட்ட விடுற? இருபத்தஞ்சு வருஷம் உன் பிடிலுக்கு ஆடின காலு இது."

"அட்டையைப் பாருங்க. பேரு போட்டிருக்கு."

"கம்பெனிக்காரன் என்னத்தையும் போடுவான். எனக்குக் காது இருக்கு."

"என்னால வாசிக்க முடியாது ஃபெஸ்டஸ். விரல் போயிருச்சு." இதை ஒருவரிடமும் இவ்வளவு நேராக அவள் சொன்னதில்லை.

அவர் அவள் கையைப் பார்த்தார். ஐந்து விரலும் மேசைமேல் நன்றாகத்தான் இருந்தன. "எனக்கு மூட்டு வாதம். நான் ஆடலையா? போ போ. கையெழுத்துப் போடு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஃபெஸ்டஸ் பேனாவை நீட்டிக்கொண்டே இருந்தார். பெர்னி எழுதினாள், அந்த இருவர் படத்துக்குக் குறுக்கே, தன் முழுப் பேரை.

மேடையில் மாலகி அக்கார்டியனை விரித்தான். ஜோடிகள் வரிசை கட்டின. நாலு ஜோடி நிற்க வேண்டிய ஒரு சதுரத்தில் ஆள் குறைந்தது. "எழுந்து வா" என்றார் ஃபெஸ்டஸ்.

"எனக்கு ஆடத் தெரியாது."

"கேட்டீங்களா! எங்களை எல்லாம் ஆட வச்சவளுக்கு ஆடத் தெரியாதாம்!"

உண்மையிலேயே தெரியாது. பதினோரு வயதிலிருந்து அவள் இருந்த இடம் மேடை. ஆடுகிறவர்களை மேலிருந்து, தலை வகிடுகளாகத்தான் பார்த்திருக்கிறாள். மறுப்பதற்குள் ஃபெஸ்டஸ் அவளை இழுத்துக்கொண்டு போய் நிறுத்திவிட்டார். மேலே கிர்ஸ்டனின் வில் இறங்கியது. எந்தச் சுரம் எப்போது வரும் என்று பெர்னிக்கு ஒன்று விடாமல் தெரிந்தது. கால் எங்கே போக வேண்டும் என்றுதான் தெரியவில்லை. வலப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் இடப்பக்கம் திரும்பினாள். யாரோ ஒருத்தி தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டாள். அடுத்த சுற்றில் வேறொருவர் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினார். "இந்தப் பக்கம் செல்லம், இந்தப் பக்கம்" என்றது ஒரு குரல். அவள் போனாள்.