இரண்டாவது அழைப்பு

வாஜிதிடம் ஒரு கேள்வி கேட்டால், அவன் அந்தக் கேள்விக்குள் நுழைந்து, எல்லா அறைகளிலும் விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வருவான். மந்தைவெளி வீட்டில் அது பழகிப்போன விஷயம். விமானத்தில் அதற்கு நேரமில்லை.

பதினொரு வருடம் துணை விமானியாக இருந்தவன், கேப்டன் சோதனையில் அதனால்தான் தோற்றான். கிண்டியில் ஒரு பயிற்சி மையம். சிமுலேட்டர் என்கிற, தரையைவிட்டு நகராத பொய் விமானத்தில், எஞ்சின் தீப்பிடித்ததாகக் காட்டினார்கள். செய்யவேண்டியதை வாஜித் மனத்துக்குள் அழகாக வரிசைப்படுத்திக்கொண்டிருந்தான். பக்கத்து இருக்கைக்காரர் "கேப்டன்?" என்றார். மறுபடியும் "கேப்டன்?" என்றார். இரண்டு முறை கூப்பிட்டும் பதில் இல்லையென்றால் கேப்டனுக்கு நினைவு தப்பிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அது விதி. "கன்ட்ரோல் என்கிட்ட" என்று அவர் விமானத்தை வாங்கிக்கொண்டார். வாஜித் எடுத்த முடிவு சரிதான். வாயைவிட்டு வெளியே வரவில்லை, அவ்வளவுதான்.

ஆறு வாரத்தில் இன்னொரு வாய்ப்பு. அதுவே கடைசி.

மனைவி ருக்சார் விதியைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். அடுத்த சாப்பாட்டு வேளையிலேயே அமல்படுத்தினாள்.

"ஏங்க, குழம்பு ஊத்தட்டுமா?"

வாஜித் யோசித்தான்.

"ஏங்க?"

இன்னும் யோசித்தான்.

"கன்ட்ரோல் என்கிட்ட" என்று தட்டையே எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவள் தம்பி தௌசீஃபுக்கு இந்த விளையாட்டு ரொம்பப் பிடித்துப்போனது. "மச்சான், அந்த நல்லி எலும்பு உங்களுக்கு வேணுமா? மச்சான்? இன்னாக்கா, ஆளு கீறாரா, டேக் ஆஃப் ஆயிட்டாரா? கன்ட்ரோல் என்கிட்ட!"

நல்லி போனது. தி.நகரில் சோபா வாங்கப் போனபோது, பழுப்பா சாம்பலா என்று வாஜித் நின்ற நேரத்தில் ருக்சார் இரண்டு முறை கேட்டுவிட்டாள். ரோஜா நிறச் சோபா வீட்டுக்கு வந்தது.

அந்தச் சோபா அவனை மாற்றியது. நான்காவது வாரம் யார் கூப்பிட்டாலும் "சொல்லு" என்றான். ஆறாவது வாரம், டிவியில் செய்தி வாசிப்பவள் வணக்கம் சொன்னதற்கும் பதில் சொன்னான்.

சோதனை நாளன்று பின்னிருக்கையில் பரிசோதகர் கேப்டன் சிதம்பரநாதன், பக்கத்தில் துணை விமானி அச்யுத். எஞ்சின் தீப்பிடித்தது. வாஜித் வாய் ஓயாமல் பேசி, தீயை அணைத்து, விமானத்தை இறக்கினான். முடிந்தது என்று மூச்சு விட்டபோது பரிசோதகர் அவன் தோளைத் தட்டி, அச்யுத் பார்க்காமல் ஒரு சீட்டைக் காட்டினார்: 'அடுத்தது அச்யுத்துக்கான சோதனை. உங்களுக்கு மயக்கம். பேசக் கூடாது.'

வாஜித் தலையைத் தொங்கப்போட்டான். ஆறு வாரம் கழித்து அவனுடைய பழைய மௌனம் திரும்பி வந்து மெத்தென்று உட்கார்ந்தது.

"கேப்டன், வேகம் குறையுது."

ஆகா, என்ன சுகம்.

"கேப்டன்?"

"சொல்லு!"

"யோவ், உமக்கு மயக்கம்யா!" என்றார் சிதம்பரநாதன்.

"சாரி சார்."

மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். இரண்டாம் முறை உதட்டைக் கடித்துக்கொண்டு "ம்!" என்றான். மூன்றாம் முறை அவனே கைக்குட்டையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டான். அச்யுத் சிரிப்பை அடக்க முடியாமல், ஆடி ஆடி விமானத்தை இறக்கினான்.

பிறகு சின்ன அறை, மேசை, ஆறிப்போன காபி. சிதம்பரநாதன் தலை நிமிராமல் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். மயங்கக்கூடத் தெரியாதவனுக்கு யார் கேப்டன் இருக்கை கொடுப்பார்கள்? அடுத்தவர் மௌனம் இவ்வளவு நீளமாக இருக்கும் என்று வாஜிதுக்கு இதுவரை தெரியாது. ருக்சார் பாவம் என்று தோன்றியது.

"சார்?"

பேனா ஓடிக்கொண்டிருந்தது.

"சார்?"

வாஜிதின் கை தானாக நீண்டது.

"கன்ட்ரோல் என்கிட்ட சார்."

படிவம் அவன் கையில் இருந்தது. 'கேப்டன் பொறுப்புக்குத் தகுதியானவர்' என்ற கட்டத்தில் தடிமனாக ஒரு டிக். கீழே குறிப்பு: 'பேச்சு தேவைக்குச் சற்று அதிகம்.'

சிதம்பரநாதன் கண்ணாடியைக் கழற்றி அவனையே பார்த்தார்.

"கையெழுத்து இன்னும் போடலய்யா. குடும்."