மயிலாள் வீட்டு ஓட்டைகள்

1984 ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு, வேலம்பாளையம் காலனியில் ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்டது. நைட் ஷிப்ட் முடிந்து கட்டிலில் படுத்திருந்த மாரப்பனின் புதுத் துண்டில் சுண்டைக்காய் அளவுக்கு ஓர் ஓட்டை விழுந்தது. பக்கத்தில் எலியும் இல்லை, பீடியும் இல்லை. அதே பதினொரு மணிக்கு, சுப்பண்ணனின் பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிள் முன்னால் நின்றிருந்த மாரப்பனின் மனைவி மயிலாள், ஒரு பனியனில் இருந்த ஓட்டையின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடியிருந்தாள். அதில் ‘பாஸ்’ ஸ்டிக்கர் ஒட்டினால் பொய்ச்சாட்சி. ஒட்டாமல் தள்ளினால் தைத்த அங்கமுத்துவின் கூலியில் பிடிப்பார்கள். அவன் மனைவி பிள்ளை பெற்று ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. ‘ஆண்டவரே, ரெண்டும் என்னால ஆகாது’ என்று மட்டும் அவள் சொன்னாள். கையை எடுத்தபோது துணியில் ஓட்டை இல்லை.

அன்று தொடங்கி, அவள் கம்பெனியில் ஓட்டையை அடைக்க அடைக்க, அது வீட்டில் வந்து விழுந்தது. விழும்போது கடுகு வெடிப்பது போலச் சத்தம் கேட்கும். இருப்பதிலேயே புதுத் துணியைத்தான் அது தேடிப் பிடிக்கும் என்பதை இரண்டாம் மாதமே கண்டுகொண்டார்கள். கிறிஸ்துமஸுக்கு எடுத்த துணி சபைக்குக் கட்டிப் போவதற்குள் ஓட்டையாகிவிடும். போதகர் விசாரித்து, உண்மைதான் என்று கண்டு, பதிவேட்டில் இதற்கென்று பக்கம் இல்லாததால் அடக்க ஆராதனைகளுக்குக் கீழே குறித்து வைத்தார். “ஊருக்கெல்லாம் பனியன் போட்டுடறா, நம்ம ஊட்டுல சல்லடை காயுது” என்று மாரப்பன் கொடியைப் பார்த்துச் சொல்வான். ஆனாலும் ஊசியில் நூல் கோத்து வைப்பவன் அவன்தான்.

சுப்பண்ணன் தோட்டத்தை விட்டுப் பனியன் தொழிலுக்கு வந்தவர். “மயிலா, உன்ர சாமி நம்ம கம்பெனிக்குன்னே எறங்கியிருக்குது” என்று கும்பிட்டுவிட்டு, நிட்டிங் மெஷினில் வளைந்த ஊசிகளை மாற்றுவதை நிறுத்திவிட்டார். மாற்றாத ஊசி மேலும் ஓட்டை போட்டது. வருடங்கள் போயின. மயிலாளின் வலது கை முழங்கை வரை மரத்துப்போனது. ஜெபத்தில் முழங்காலிட்டபடியே தூங்கிப்போனாள். மகள் சின்னத்தாயும் அதே கம்பெனியில் டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடி வேலைக்குச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு தன் மேசைக்கு வரும் ஓட்டைகள் குறைந்ததையும், வீட்டில் வெடிக்கிற சத்தம் குறையாததையும் மயிலாள் கவனிக்கத்தான் செய்தாள். ஏன் என்று யோசிக்க உடம்பில் தெம்பில்லை.

1996-ல் பெருமாநல்லூர் கந்தவேலுக்குச் சின்னத்தாயை நிச்சயம் செய்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் வெள்ளைப் பட்டுச் சேலை எடுத்துக் கொடுத்தார்கள். மயிலாள் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, கல்யாணம் முடியும் வரை எந்த ஓட்டையின் மேலும் கை வைப்பதில்லை என்று பொருத்தனை செய்துகொண்டாள். அந்த மாதம்தான் பெரிய ஷிப்மென்ட். துணியெல்லாம் ஓட்டை. சனிக்கிழமை, சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையரின் ஆள் பார்த்து வேண்டாமென்றால் கம்பெனியைப் பூட்டிவிடுவதாகச் சுப்பண்ணன் சொல்லிவிட்டார். அறுபது பேர் வேலை செய்த இடம்.

அங்கமுத்து நேரிலேயே வந்தான். “அக்கா, நாலே நாளைக்குக் கையக் குடுங்கக்கா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

“பன்னெண்டு வருசம் குடுத்தேன் தம்பி. ஒருக்கா, ஒரே ஒருக்கா, எம்புள்ளைக்கு ஓட்டையில்லாத சீலை வேணுமுங்க.”

அவன் எழுந்து போனான். அன்றிரவு அவளுக்கு ஜெபம் வரவில்லை. மறுநாள் லீவு சொல்லிவிட்டு, மாரப்பனோடு சேவூர்ப் பக்கம் கல்யாணப் பத்திரிகை வைக்கப் புறப்பட்டாள். சொந்தக்காரர் வீடுகளிலேயே தங்கி மூன்று நாள் சுற்றினார்கள். செக்கிங் டேபிளில் அவள் இடம் காலியாக இருந்ததால் சின்னத்தாயை அங்கே நிறுத்தினார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே, பையரின் ஆள் பெட்டி பெட்டியாகப் பிரித்துப் பார்த்தும் ஓர் ஓட்டைகூட அகப்படவில்லை என்ற செய்தி எதிரே வந்தது. லாரி தூத்துக்குடிக்குப் புறப்பட்டுவிட்டதாம். காலனியில் வெடி வைத்தார்கள். மயிலாள் நடையை எட்டிப் போட்டு வீட்டுக்குப் போய், செருப்பைக் கழற்றாமல் பெட்டியைத் திறந்தாள். வெள்ளைப் பட்டை விரித்துப் பிடித்தபோது, அதன் வழியாக எதிர்ச்சுவரில் இருந்த காலண்டரின் தேதிகளைப் படிக்க முடிந்தது.

மாரப்பன் வெள்ளை நூல்கண்டைத் தேடி எடுத்தான். சின்னத்தாய் அடுப்படியிலிருந்து வந்து, அம்மாவின் மரத்துப்போன கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, பழகிய வேலைபோல அமுக்கிவிடத் தொடங்கினாள். பிள்ளையின் வலது கை விரல்கள் சில்லென்று இருப்பதை மயிலாள் அப்போதுதான் உணர்ந்தாள்.

“எப்ப இருந்து கண்ணு?” என்று கேட்டாள்.

“நாலு வருசமாப் பாதி நான்தானுங்கம்மா அடைக்கறேன், நீங்க ஒருத்தரே எத்தனைதான் அடைப்பீங்க?”