ஹேமாவதி அடிக்காத டஃப்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. போன ஆடியில், கம்பத்தில் ஒரு திறந்தவெளிக் கச்சேரியில், வறுகடலைப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்த என் கண்ணெதிரே அதுவாக நடந்தது. அன்றிலிருந்து எழுதுகிறேன், கிழிக்கிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "பள்ளத்தாக்கின் காற்று ஓர் ஆதிப் பாணனைப் போல..."

சே! ஆடிக் காற்றில் கண்ணில் மண் விழுந்தவன் எவனும் இப்படி எழுதமாட்டான். போகட்டும். இன்னொன்று வைத்திருக்கிறேன்: "அன்று ஹேமாவதியின் அம்மா வந்திருந்தாள்." இது தேவலை. இதைப் பிடித்துக்கொண்டே போவோம்.

2

அன்று ஹேமாவதியின் அம்மா வந்திருந்தாள்.

ஹேமாவதிக்குத் தேனியில் வங்கி வேலை, பழனிசெட்டிபட்டியில் குடியிருப்பு. வேலை போக மிச்ச நேரமெல்லாம் டஃப். மாவுச் சல்லடையைப் பெரிதாக்கி, கம்பிவலைக்குப் பதிலாகத் தோலைக் கட்டினால் அதுதான் டஃப். சட்டத்தைத் தூக்கிப் பிடித்து விரல்களால் வாசிக்க வேண்டும். அம்மா ராஜாத்திக்குக் கம்பத்தில் திராட்சைத் தோட்டம். மகள் வாசிக்கத் தொடங்கிப் பத்து வருஷம் ஆகிறது, ஒரு தடவைகூட வந்து கேட்டதில்லை. "கொட்டடிக்கவா உன்னையப் படிக்க வச்சேன்?" என்று ஒரே வரியில் பேச்சை முடித்துவிடுவாள். இந்தத் தடவை கச்சேரி உள்ளூரிலேயே அமைந்துவிட்டதால் வராமலிருக்கச் சாக்கு அகப்படவில்லை. முன்வரிசையில், மடியிலிருந்த பையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கடைசி உருப்படி ஹேமாவதியின் தனி வாசிப்பு. அவளே கட்டிய தாளம். அதை அம்மா கேட்க வேண்டும். அன்றைக்கு அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

(இந்த இடத்தில் அவளுடைய சின்ன வயசைப் பற்றி இரண்டு பக்கம் இருந்தது. நீங்கள் செய்த புண்ணியம், எடுத்துவிட்டேன்.)

3

பேனரில் "உலக இசை" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. உலகத்திலிருந்து வந்திருந்தவர்கள்: பழனிசெட்டிபட்டி ஹேமாவதி, போடி ஜெஸ்லின், கிதாருக்கு ஒருவர். சிரிக்காதீர்கள். கேட்டிருந்தால் சிரித்திருக்கமாட்டீர்கள்.

ஜெஸ்லின் போடி கடைவீதியில் ஏலக்காய் வியாபாரம் பார்க்கும் வீட்டுப் பெண். அவள் ஊதுவது துருக்கிப் பக்கத்து நாணற்குழல். மேல்முனையை உதட்டோரம் சாய்த்து வைத்து ஊத வேண்டும். மூச்சு கொஞ்சம் விலகினாலும் சத்தம் வராது. நன்றாக ஊதுவாள், ஆனால் ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள். போன கச்சேரியிலும் அதற்கு முந்தைய கச்சேரியிலும் ஹேமாவதியின் நேரத்தை அந்தக் குழல்தான் தின்றது. முடிந்ததும், "அடுத்த தடவ பாத்துக்கலாம்க்கா" என்று ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை நினைத்து நினைத்தே ஹேமாவதி தூக்கம் கெட்டிருக்கிறாள்.

4

குமுளி மலைப் பக்கமிருந்து காற்று கிளம்பியபோது ஜெஸ்லினின் முறை.

குழலை உதட்டில் வைத்தாள். புஸ்ஸென்றது. ஊதிய மூச்சு குழலுக்குள் இறங்குமுன் காற்று அதைப் பறித்துக்கொண்டு போனது. திரும்பி நின்று பார்த்தாள், குனிந்து பார்த்தாள். மறுபடியும் புஸ். "குக்கர்ல விசில் வரலையேப்பா!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்த, கூட்டமே சிரித்தது. ஜெஸ்லினின் கண் கலங்கியது. (நான் உட்கார்ந்த இடத்திலிருந்து கண்ணெல்லாம் தெரியவில்லை. கலங்காமலா இருந்திருக்கும்?)

கச்சேரி ஏற்பாட்டாளர் தங்கப்பாண்டியன் மேடையோரம் ஓடிவந்தார். "ஆத்தா ஹேமா, மழ இந்தா வந்திருச்சு. பெரியாளுகல்லாம் கெளம்பப் போறாக. இன்னும் ஒரு உருப்படிக்குத்தான் நேரம். அந்தப் பிள்ளைக்கு ஊத வரல. நீ வாசிச்சு முடிச்சு விட்ரு."

அதே நேரம் முன்வரிசையிலிருந்து ராஜாத்தியின் குரல். "ஏ ஹேமா, நீ அடிடி! உன்னையப் பாக்கத்தான வந்தேன்!"

அம்மா வாயிலிருந்து இந்த வார்த்தை வரும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. டஃப்பைத் தூக்கினாள்.

5

இனிமேல்தான் எனக்குச் சிக்கல்.

தூக்கிய டஃப்பை அவள் அடிக்கவில்லை. நேரே நடந்துபோய், காற்று வரும் பக்கமாக ஜெஸ்லினை ஒட்டி நின்றாள். அவள் வாய்க்கும் காற்றுக்கும் குறுக்கே டஃப்பைப் பிடித்தாள்.

"ஊது."

"அக்கா, உங்க..."

"ஊதுடி. கை வலிக்குது."

குழல் பேசியது. அடடா, என்னவென்று சொல்ல! சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் கப்சிப் ஆனது. காற்று தோலில் மோதி மோதி மெல்ல உறுமியது. அத்தனை பெரிய டஃப்பை அந்தக் காற்றில் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும், ஆளையே முறுக்கித் தள்ளும். விரல் தட்டினால் சட்டம் ஆடும், சட்டம் ஆடினால் குழலோசை அறுந்துபோகும். அதனால் பத்து விரலையும் சட்டத்தோடு ஒட்டவைத்து அசையாமல் நின்றாள். பக்கத்தில் பாட்டு ஓடும்போது ஒரு தாளக்காரி விரலைச் சும்மா வைத்திருப்பது லேசுப்பட்ட காரியமா? "அடிடி! அடியேன்டி!" என்று அம்மா வேறு கீழேயிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ஹேமாவதி அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் அழுதுவிடுவாள். அப்படி நின்ற அந்த மனுஷியை எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது.

சரி, ஏன் செய்தாள்? "இரக்கத்தால்" என்று எழுதினேன். பொய், அவளுக்கு ஜெஸ்லின்மேல் இரக்கம் கிடையாது. "பெருந்தன்மையால்" என்று மாற்றினேன். அதைப் படித்தால் அவளே சிரிப்பாள். கடைசியில் வங்கிக்கே போய்க் கேட்டேன்.

"தெரியல சார். நல்ல கொழலு. அது அப்பிடிப் புஸ்ஸு புஸ்ஸுன்னு போறதக் காது கொடுத்துக் கேக்க முடியல. கை அங்கன போயிருச்சு" என்றாள்.

இதற்குமேல் நான் என்ன எழுத?

6

பாட்டு முடியவும் மழை இறங்கவும் சரியாக இருந்தது. ஆட்கள் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடினார்கள். ராஜாத்தி ஓடவில்லை. மேடையை நோக்கி வந்தாள்.

ஒரு முடிவு: மகளைக் கட்டிப்பிடித்து அழுகிறாள். (ராஜாத்தி அப்படிப்பட்ட ஆளில்லை.)

இன்னொன்று: "கொழல் ஊதுன பிள்ள யாருடி? நல்லா ஊதுச்சு" என்று மட்டும் கேட்டுவிட்டு நடக்கிறாள். (இப்படித்தான் நடந்திருக்கும் என்று பயப்படுகிறேன். எழுதக் கை வரவில்லை.)

மூன்றாவதாக, "வீட்டுக்கு வந்து எனக்கு அடிச்சுக் காட்டு" என்று அவள்... வேண்டாம். அது என்னுடைய ஆசை.

மழைச் சத்தத்தில் அவள் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. ஹேமாவதியிடம் அதையும் கேட்டுப் பார்த்தேன். "அது எங்கம்மா எனக்குச் சொன்னது. உங்களுக்கு எதுக்கு சார்?" என்று சொல்லிவிட்டாள். நியாயம்தான்.

ஆகவே வாக்கியம் இப்படியே நிற்கிறது: நனைந்தபடி மேடையடியில் நின்ற ராஜாத்தி மகளை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள், "

மீதி உங்கள் பொறுப்பு. உங்கள் மகளாக நினைத்துக்கொள்ளுங்கள். இத்தனை வருஷம் அவள் வாசித்தாள், நீங்கள் போகவில்லை. நீங்கள் போன அன்று அவள் அடிக்கவில்லை. டஃப்பும் கையுமாக, உங்கள் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். ஏதாவது சொல்லுங்கள், பிள்ளை நனைகிறாள்.