மூன்றாவது மாடியில் குழித்தறி

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டு மாளிகையின் மூன்றாவது மாடியில் எங்கள் ஊர் நிருபர்களுக்குப் புலனாய்வுப் பயிற்சி நடந்தது. ஏசி, மதியச் சாப்பாடு எல்லாம் கடை முதலாளி தர்மன் உபயம். நான் இருபது வருட நிருபர். சாப்பாடு எந்த மாடியில் என்று கண்டுபிடிக்கும் அளவுக்குப் புலனாய்வு எனக்குத் தெரியும்.

சென்னையிலிருந்து வந்த பயிற்சியாளர் ஆனந்தகுமார், இலவசத் தறித் திட்டத்தின் பயனாளிப் பட்டியலை எல்லோர் லேப்டாப்பிலும் ஏற்றினார். "டேட்டா சுத்தமா இருக்கணும். ஒரே அட்ரஸ் திரும்பத் திரும்ப வந்தா அது குப்பை. ஒரு பட்டன், டெலீட்." தட்டினோம். நாற்பத்து மூன்று வரிகள் ஒன்றாகச் சுருங்கின. கைதட்டவும் செய்தோம்.

சங்கீதா மட்டும் தட்டவில்லை. யூடியூப் சேனல் நடத்தும் நெசவாளர் வீட்டுப் பெண். அவள் அம்மா கமலாட்சி இதே திட்டத்தில் மூன்று முறை விண்ணப்பித்து, ஒதுக்கீடு முடிந்தது என்று மூன்று முறையும் திருப்பி அனுப்பப்பட்டவர். நான்காவது விண்ணப்பம் போயிருந்தது. இதுவும் இல்லையென்றால் அடுத்தவர் தறியில் கூலிக்குத்தான் உட்கார வேண்டும்.

"சார், நாப்பத்து மூணு பேருக்கும் ஒரே அட்ரஸ். எல்லாமே குழித்தறி. தரையில பள்ளம் தோண்டி, உள்ள காலை விட்டு மிதிக்கணும். இதுல மூணாவது மாடின்னு இருக்குது."

"அதனாலதான்மா டெலீட் பண்ணச் சொன்னேன்," என்றார் ஆனந்தகுமார். மனுஷன் உண்மையாகவே சந்தோஷப்பட்டார்.

"இந்த மாடிதான் சார். நாம உக்காந்துக்கினு இருக்கறது."

எல்லோரும் குனிந்து டைல்ஸைப் பார்த்தோம். இங்கே பள்ளம் தோண்டினால் இரண்டாவது மாடியில் புடவை எடுப்பவர் தலையில்தான் கால் படும்.

சான்றிதழ் கொடுக்க வந்த தர்மனிடம் அவள் போனை நீட்டி அதையே கேட்டாள். அவர் முகம் மாறவே இல்லை. "டைப் பண்ணவங்க தப்புமா. நெசவாளர் வீட்டுப் பொண்ணுதானே நீ? அம்மா பேரைச் சொல்லு, இந்த மாசமே தறி வந்துடும்."

வாங்கிக்கொள் பெண்ணே என்றுதான் மனதுக்குள் வேண்டிக்கொண்டேன்.

"எங்கம்மா பேர் இருக்கட்டும் சார். இந்த நாப்பத்து மூணு பேர்ல ஒருத்தரைக் கூப்பிடுங்க. ரெகார்ட் ஆயிக்கினு இருக்குது."

தர்மன் யாரையும் கூப்பிடவில்லை. கரண்ட் போய்விட்டது என்று சொல்லி, சான்றிதழ்களை அவசரமாக எங்கள் கையில் திணித்து நிகழ்ச்சியை முடித்தார்கள். ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அவள் வீடியோவை ஊரே பார்த்தது. அடுத்த வாரம் கமலாட்சியின் விண்ணப்பம் நான்காவது முறையாகத் திரும்பி வந்தது. எங்கள் பேப்பரிலும் பயிற்சிச் செய்தி வந்தது. நிருபர்களுக்குத் தர்மன் சான்றிதழ் வழங்கினார் என்று நான்தான் எழுதினேன். படத்தின் ஓரத்தில் சங்கீதா போனை நீட்டிக்கொண்டு நின்றாள். அந்த ஓரத்தை வெட்டியதும் நான்தான்.