வெளியே வராத கோது

சுட்ட துப்பாக்கி ரவையின் வெற்றுப் பித்தளைக் கோது வெளியே வர மறுத்தது. கிளின்ரன் துவக்கின் போல்ட்டைப் பிடித்து இழுத்தான், அசையவில்லை. அந்தச் சூட்டில் முன்னங்கால் முறிந்த பெண்மான் புதருக்குள் நொண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டே கைபிடியை உள்ளங்கையால் ஓங்கி அடித்தான். கோது போனால்தான் அடுத்த ரவை ஏறும். ஒருவழியாக அது கழன்று விழுந்தபோது மானைக் காணவில்லை. தோட்ட மனேஜரின் நாய்தான் பிறகு அதைப் பள்ளமொன்றில் கண்டுபிடித்தது. அப்போதும் அதற்கு உயிர் இருந்தது. மனேஜர் தன் துவக்கால் அதை முடித்துவிட்டுக் காருக்கு நடந்தார். சனிக்கிழமை வந்து தன் கண்முன்னால் பலகையில் சுட்டுக் காட்டும்படியும், இன்னொரு தடவை கோது இறுகினால் அதன்பிறகு வரவேண்டாம் என்றும் காரடியில் வைத்துச் சொன்னார்.

கெண்ட் பக்கத்துத் தோட்டம் அது. மான்கள் பெருகி இளமரங்களைக் கடித்துத் தீர்ப்பதால், கணக்காகச் சுட்டுக் குறைக்க ஆள் வைத்திருந்தார்கள். அதற்கு முன் கிளின்ரன் ஒரு வெயர்ஹவுஸில் இரவு ஷிப்ட். ஒருநாள் பாதி ஷிப்டில் மஞ்சள் அங்கியைக் கழற்றிக் கொளுக்கியில் மாட்டிவிட்டு வந்தவன் திரும்பிப் போகவில்லை. அதன்பிறகுதான் பிளேஸ்டோ பிளாட்டில் அவனும் மனைவி பெனிற்றாவும் ஒரே நேரத்தில் படுத்து ஒரே நேரத்தில் எழும்பத் தொடங்கினார்கள். அதுவரை கட்டில் முறைவைத்துப் பாவிக்கிற சாமானாக இருந்தது. இந்த வேலை போனால் மறுபடி அந்த மஞ்சள் அங்கிதான்.

பெனிற்றாவுக்குத் துவக்கு பிடிக்காது. அதை அவள் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. லைசென்சுக்கு முன் வீட்டைப் பார்க்க வந்த பொலிஸ்காரன், உங்களுக்கு ஏதும் ஆட்சேபம் உண்டா என்று அவளிடம் கேட்டான். இல்லையென்று தலையாட்டி, அவனுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். துவக்கைப் பூட்டும் இரும்புப் பெட்டி வைத்த அறையில் மட்டும் அதன்பிறகு உடுப்புக் காயப்போடுவதை விட்டுவிட்டாள்.

கிளின்ரன் ரவையில் பிழையிருக்கும் என்று வேறு கொம்பனி ரவை வாங்கிச் சுட்டான். அதுவும் இறுகியது. கோதின் விளிம்பைப் பிடித்து இழுக்கிற கொக்கியைக் கழற்றிப் பார்த்தான், தேயவில்லை, உடையவில்லை. கோதின் உடம்பில்தான் பொடிப்பொடியாகக் கீறல்கள். துவக்குத் திருத்துகிறவர் சின்னக் கமெராவை உள்ளே விட்டுத் திரையில் காட்டினார். குழாய் பளபளவென்று இருந்தது. ரவை உட்காரும் அறையின் சுவர் மட்டும் அம்மைத் தழும்பு விழுந்த முகம்போல இருந்தது. துருப் பிடித்த குழிகள். வெடிக்கும்போது பித்தளை வீங்கி அந்தக் குழிகளுக்குள் பதிந்துவிடுகிறது, பிறகெப்படி வரும் என்றார். கடற்கரையில் சுடுகிறாயா, இது உப்புச் செய்த வேலை என்றும் கேட்டார். தேய்த்து மினுக்கித் தரலாம், ஆனால் சுட்டுப் பார்க்கும்வரை உறுதி சொல்ல முடியாதாம்.

வீட்டுக்கு வந்தபோது பெனிற்றா இறால் உடைத்துக்கொண்டிருந்தாள். சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே நடந்ததைச் சொன்னான். உப்பு என்றதும் அவளுடைய கை நின்றது.

"மாதா கோயில் தீர்த்தத்திலை உப்புப் போட்டுத்தான் சுவாமி மந்திரிக்கிறவர்," என்றாள்.

அவனுக்கு விளங்கவில்லை.

"காருக்குத் தெளிச்சனாங்கள் தானே, அப்பிடித்தான். நீங்கள் துவக்கைத் துடைக்கவெண்டு கழட்டி வைச்சிட்டு, பெல் அடிச்சா, போன் வந்தா எழும்பிப் போவியள். வெளியிலை தெளிச்சா உங்களுக்குத் தெரிஞ்சிடும். அதாலை தீர்த்தத்தைப் பின்பக்க ஓட்டைக்குள்ளை விட்டனான்."

"ஒருக்காத்தானே?"

"கழட்டி வைக்கிற நேரமெல்லாம்."

கம்பியில் துணி சுற்றி அவன் குழாயை உருவித் துடைப்பான். துணி குழாயின் அளவு. அதைவிட அகலமான அந்த ரவை அறையின் சுவரில் அது ஒருநாளும் பட்டதேயில்லை. அவள் விட்ட தண்ணீர் அங்கேயே கிடந்து காய்ந்திருக்கிறது. பள்ளத்தில் கிடந்த மானின் கண் நினைவுக்கு வந்து கோபம் நெஞ்சுவரை ஏறியது. ஆனால் வாயைத் திறந்தபோது வந்தது வேறு.

"அப்ப இவ்வளவு நாளும் ஞானஸ்நானம் எடுத்த துவக்கோடையே நான் திரிஞ்சனான்?"

"பகிடி விடாதையுங்கோ." அவள் சிரிக்கவில்லை. "மன்னாரிலை எங்கடை வீட்டிலையும் துவக்கு ஒண்டு சாத்தி வைச்சிருந்தது. ஆரோ ரெண்டு நாளைக்கு வைச்சிருங்கோ எண்டு தந்தது. கூட்டுறதுக்கு அண்ணை அதைத் தள்ளி வைக்கப் போனவர். வெடிச்சிட்டுது."

அண்ணன் சண்டையில் செத்தார் என்றுதான் இத்தனை வருசமும் சொல்லியிருந்தாள். கிளின்ரனும் அதற்குமேல் கேட்டதில்லை.

"ஒரு மனுசரிலையும் படக்கூடாது எண்டு கேட்டுத்தான் விட்டனான். மானை நினைக்கேல்லை."

"பொலிஸ்காரன் கேக்கேக்கை சொல்லியிருக்கலாமே, பெனி. நீர் வேண்டாமெண்டா நான் எடுத்திருக்க மாட்டன்."

"சொன்னா நீங்கள் திரும்ப இரவு வேலைக்குப் போயிருப்பியள்."

அவன் கைகழுவிவிட்டு வந்து அவளுக்குப் பக்கத்தில் நின்று, மிச்ச இறாலை உடைத்தான். அவன் உடைத்ததில் பாதியை அவள் எடுத்து மறுபடி நரம்பு நீக்கினாள். துவக்கை விற்பதைப் பற்றி ஒருதரம் பேச்செடுத்தான். சனிக்கிழமை தானும் வருவதாக மட்டும் அவள் சொன்னாள்.

சனிக்கிழமை புல்வெளியின் அந்தப் பக்கத்தில் பலகை நட்டிருந்தது. பச்சை ஜக்கெட் பைகளுக்குள் கைகளை விட்டபடி மனேஜர் நின்றார். மினுக்கி வந்த துவக்கோடு கிளின்ரன் ஈரப்புல்லில் குப்புறப் படுத்து, மூச்சை அடக்கிச் சுட்டான். பலகையில் பட்டதா என்று யாரும் பார்க்கவில்லை. மனேஜரின் கண் அவனுடைய வலது கையில் இருந்தது.

கையைப் போல்ட்டில் வைத்தவன் ஒருதரம் திரும்பிப் பார்த்தான். கார்க் கதவோரம் பெனிற்றா நின்றாள். காதுக்குப் போடக் கொடுத்த பெரிய மூடியால் தலை சிறுத்துத் தெரிந்தது. கண்கள் மூடியிருந்தன, உதடுகள் மட்டும் அசைந்தன. அவள் என்ன கேட்கிறாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. கோது வரவேண்டும் என்றா, வரக்கூடாது என்றா?

கைபிடி மேலே எழும்பியது. இனிப் பின்னால் இழுக்க வேண்டும். அவளுடைய உதடுகள் இன்னும் நிற்கவில்லை.